பிளாட்பாரம் மாறியாச்சு, இனி விஎம் ஹார்டுவேர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரில் பீன்யா, பொம்மசந்திரா, ஒயிட்ஃபீல்டு பக்கம் நடுத்தர நிறுவனங்களின் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் தமிழ் நண்பர்கள் பலருக்குக் கொஞ்ச காலமாக ஒரே வேலைதான். ஒரே சர்வரில் பல மெய்நிகர் கணினிகளை (விஎம்) ஓட்டும் மென்பொருளைச் செய்யும் விஎம்வேரை பிராட்காம் 2023 நவம்பரில் வாங்கி முடித்தது. அடுத்த மாதமே நிரந்தர லைசென்ஸ் விற்பனை நின்றது. விஎம்வேரின் விஸ்பியர் 7 மென்பொருளுக்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 2-இல் முடிந்தது. சிலர் விஸ்பியர் 8-க்கு ஏறினார்கள், சிலர் அதே வேலையைச் செய்யும் ப்ராக்ஸ்மாக்ஸ் என்ற வேறு மென்பொருளுக்கு மாறினார்கள். மாறிய மறுநாளே எல்லோருக்கும் வரும் சந்தேகம், விஎம்களை அப்படியே விடுவதா, அவற்றின் ஹார்டுவேரையும் ஏற்றுவதா என்பது. என்னிடம் ஃபோனில் திரும்பத் திரும்பக் கேட்டவற்றைக் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே இங்கே எழுதியிருக்கிறேன்.

அண்ணா, விஎம் வெறும் ஃபைல்தானே, அதுக்கு ஏது ஹார்டுவேர்?

உள்ளே ஓடும் விண்டோஸுக்கோ லினக்ஸுக்கோ தான் ஒரு ஃபைலுக்குள் இருப்பது தெரியாது. அதன் கண்ணுக்கு ஒரு மதர்போர்டு, டிஸ்க் கன்ட்ரோலர், நெட்வொர்க் கார்டு, வீடியோ கார்டு எல்லாம் தெரியும். அந்தக் கற்பனைச் சாமான்களின் பட்டியலைத்தான் விஎம் ஹார்டுவேர் என்கிறோம். வேறு ஹோஸ்டுக்கு (விஎம்மை ஓட்டும் சர்வருக்கு) வந்த பிறகும் விஎம் அந்தப் பழைய பட்டியலோடுதான் ஓடும்.

விஎம்வேரில் இதற்கு எண் உண்டு. விஸ்பியரில் ஹோஸ்டின் மேல் ஓடும் ஈஎஸ்எக்ஸ்ஐ மென்பொருளின் 5.0-இல் 8, 5.5-இல் 10, 6.0-இல் 11, 6.5-இல் 13, 6.7-இல் 14, 7.0-இல் 17, அதன் இரண்டாம் அப்டேட்டில் 19, 8.0-இல் 20, அதன் இரண்டாம் அப்டேட்டில் 21. ப்ராக்ஸ்மாக்ஸில் ஒரே எண்ணாக இருக்காது. மெஷின் வகை, டிஸ்க் கன்ட்ரோலர், நெட்வொர்க் கார்டு மாடல், சிபியு வகை எனத் தனித்தனியாக இருக்கும்.

எல்லாம் நல்லாத்தான் ஓடுது. ஏத்தாம விட்டா என்ன ஆயிடும்?

உடனே ஒன்றும் ஆகாது. புதிய ஹோஸ்ட் பழைய பதிப்பு விஎம்களையும் ஓட்டும். திரையில் "மேம்படுத்தலாம்" என்று காட்டுகிறது என்பது மட்டும் ஒரு காரணமே இல்லை. அந்த வரியைப் பார்த்து யாரும் பதற வேண்டாம்.

ஆனால் உண்மையான காரணங்கள் சில உண்டு. முதலாவது பாதுகாப்பு. 2018 ஜனவரியில் ஸ்பெக்டர், மெல்ட்டவுன் என்ற சிபியு பாதுகாப்பு ஓட்டைகள் வெளிவந்தன. சிபியு கொடுக்கும் புதிய தடுப்பு வசதிகள் கெஸ்டுக்குள் (விஎம்முக்குள் ஓடும் ஓஎஸ்ஸுக்குள்) தெரிய வேண்டுமென்றால் விஎம்வேரில் குறைந்தது பதிப்பு 9 வேண்டும். 11 அல்லது அதற்கு மேல் இருந்தால் அந்தத் தடுப்புகளால் வரும் வேகக் குறைவும் கொஞ்சம் தணியும். எட்டில் நிற்கும் விஎம்முக்குள் எத்தனை பேட்ச் போட்டாலும் அந்த வசதி உள்ளே போய்ச் சேராது. இதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

அடுத்தது தேவை. வேகமான என்விஎம்ஈ டிஸ்க் கன்ட்ரோலர் வேண்டுமென்றால் 13. விண்டோஸ் 11-க்காக டிபிஎம் (பாதுகாப்புச் சிப்) வைக்க வேண்டுமென்றால் 14, கூடவே பயாஸுக்குப் பதில் வந்த யூஇஎஃப்ஐ. பெரிய டேட்டாபேஸுக்கு நிறைய சிபியு, மெமரி கொடுக்கவும் புதிய பதிப்பு தேவைப்படும். இந்தத் தேவைகள் எதுவும் இல்லாமல், 13, 14 என்று நிற்கும் சின்ன விஎம்மை விட்டுவிடலாம்.

மைக்ரேஷன் பண்ற அன்னைக்கே இதையும் சேர்த்து முடிச்சிடலாமா? ஒரே டௌன்டைம்தானே?

வேண்டாம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் சனிக்கிழமை ராத்திரி டொமைன் கன்ட்ரோலரை (எல்லோருடைய லாகினையும் சரிபார்க்கும் சர்வரை) விஎம்வேரிலிருந்து ப்ராக்ஸ்மாக்ஸுக்குக் கொண்டுவந்தோம். டௌன்டைம்தான் கிடைத்திருக்கிறதே என்று டிஸ்க் கன்ட்ரோலரையும் நெட்வொர்க் கார்டையும் அப்போதே மாற்றினேன். பூட் ஆனது, பிங் போனது, ஆனால் மற்ற சர்வர்களில் லாகின் ஆகவில்லை. புது நெட்வொர்க் டிரைவர்தான் கோளாறு என்று நினைத்து இரண்டு மணி நேரம் அதையே நோண்டிக்கொண்டிருந்தேன். கூட இருந்த தம்பி கன்சோலின் வலது மூலையைக் காட்டினான். எங்கள் கைக்கடிகாரத்தில் விடிகாலை 3:10. திரையில் இரவு 9:40. சரியாக 5 மணி 30 நிமிடம் பின்னால்.

விஎம்மை இறக்கும்போது ஓஎஸ் வகையை விண்டோஸ் என்று தேர்ந்தெடுக்காமல் விட்டிருந்தேன். விண்டோஸ், மதர்போர்டு கடிகாரத்தில் இருப்பது உள்ளூர் நேரம் என்றே எடுத்துக்கொள்ளும். ஓஎஸ் வகை விண்டோஸ் என்று இருந்தால் ப்ராக்ஸ்மாக்ஸும் உள்ளூர் நேரத்தையே கொடுக்கும். இல்லையென்றால் உலகப் பொது நேரத்தைக் கொடுத்துவிடும். டொமைன் லாகினுக்கு இரு பக்கக் கடிகாரமும் 5 நிமிடத்துக்குள் ஒத்துப்போக வேண்டும். மைக்ரேஷனை மட்டும் செய்திருந்தால் சந்தேகப்படவே ஒன்றிரண்டு இடம்தான் இருந்திருக்கும். நாங்கள் ஒரே ராத்திரியில் மூன்றை மாற்றியிருந்தோம். அதற்குப் பிறகு பிளாட்பாரம் ஒரு வாரம், ஹார்டுவேர் குறைந்தது ஒரு வாரம் கழித்து என்றுதான் வைத்திருக்கிறேன்.

ரெண்டு தடவை டௌன்டைம் கேட்டா மேனேஜர் விடமாட்டார். எந்த நாள் கேட்கிறது?

ஹார்டுவேர் ஏற்ற விஎம்மை அணைத்தே ஆக வேண்டும். ஓடும்போது முடியாது. ஆனால் மைக்ரேஷன் மாதிரி மணிக்கணக்கில் ஆகாது. சின்ன விஎம்முக்கு அரை மணி நேரம் கேட்டால், சோதித்துப் பார்க்கவும் நேரம் மிஞ்சும். இதைச் சொல்லிக் கேளுங்கள், பெரும்பாலும் விடுவார்கள்.

கணக்கு சர்வராக இருந்தால் மாதம் 11-ஐயும் 20-ஐயும் ஒட்டிய நாள்களைத் தவிர்த்துவிடுங்கள். மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்கு ஜிஎஸ்டிஆர்-1, ஜிஎஸ்டிஆர்-3பி கெடு அப்போதுதான். மார்ச் கடைசி வாரம் கேட்கவே கூடாது. தொழிற்சாலைகளுக்கு ஆயுத பூஜை விடுமுறை நல்ல வாய்ப்பு. பூஜை முடிந்து ரேக்குக்குக் குங்குமம் வைத்த பிறகு, மெஷின்கள் ஓடாத அந்த மத்தியானம் யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள்.

முதல்ல டூல்ஸா, முதல்ல ஹார்டுவேரா?

முதலில் டூல்ஸ், அதாவது விஎம்முக்குள் போடும் விஎம்வேர் டூல்ஸ். புதிய சாமான்களுக்கான டிரைவர்கள் அதற்குள்தான் இருக்கின்றன. டிரைவர் இல்லாமல் ஹார்டுவேரை மாற்றினால் நெட்வொர்க் இல்லாத விஎம்மோடு கன்சோலில் உட்கார்ந்திருப்பீர்கள்.

வரிசை இதுதான்: பேக்கப் எடுத்து, அது திரும்ப வருகிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். ஐபி, சப்நெட், கேட்வே, டிஎன்எஸ், கூடுதல் ரூட் ஏதாவது இருந்தால் அது, எல்லாவற்றையும் விஎம்முக்கு வெளியே எங்காவது எழுதிவையுங்கள். உள்ளூர் அட்மின் பாஸ்வேர்டு தெரியுமா என்று லாகின் ஆகியே பாருங்கள். நெட்வொர்க் போனால் டொமைன் கணக்கு கைகொடுக்காது. அப்புறம் டூல்ஸை ஏற்றி ரீபூட். பிறகு முறையாக ஷட்டவுன், ஸ்னாப்ஷாட் (விஎம்மின் அந்த நேரத்து நிலையின் பதிவு), ஹார்டுவேர், பவர் ஆன். இரண்டு நாள் நன்றாக ஓடியதும் ஸ்னாப்ஷாட்டை அழித்துவிடுங்கள். மறந்துவிட்டால் அது வளர்ந்து ஸ்டோரேஜையே நிரப்பிவிடும்.

ஏத்தினதும் ஐபி போயிடுச்சு. பழைய ஐபியைப் போட்டா வேற அடாப்டர்ல இருக்குன்னு திட்டுது. ஆனா அப்படி ஒரு அடாப்டரே இல்லையே?

இருக்கிறது, கண்ணுக்குத் தெரியவில்லை. கார்டு மாடலோ அது செருகியிருக்கும் ஸ்லாட்டோ மாறினால் விண்டோஸ் அதைப் புதுக் கார்டாகத்தான் எடுத்துக்கொள்ளும். பழைய கார்டின் பதிவும் அதற்குக் கொடுத்த ஐபியும் ரெஜிஸ்ட்ரியில் அப்படியே தங்கிவிடும். டிவைஸ் மேனேஜரில் மறைந்திருக்கும் சாதனங்களைக் காட்டச் சொன்னால் நெட்வொர்க் பகுதியில் மங்கலாக ஒரு பெயர் தெரியும். அதை நீக்கிவிட்டு, எழுதிவைத்த ஐபியைப் புதுக் கார்டில் போடுங்கள். ரொம்பப் பழைய விண்டோஸில் மறைந்த சாதனங்கள் அவ்வளவு சுலபமாகத் தெரியாது. அங்கே ஒரு சூழல் மாறியை அமைத்த பிறகுதான் காட்டும்.

சி டிரைவ் வந்துச்சு, டி டிரைவைக் காணோம்! டேட்டா போச்சா?

போகவில்லை, பயப்படாதீர்கள். விண்டோஸ் சர்வர் புதுக் கன்ட்ரோலரில் வரும் கூடுதல் டிஸ்க்குகளை ஆஃப்லைனில் வைத்திருக்கும். டிஸ்க் மேனேஜ்மென்டில் வலது கிளிக் செய்து ஆன்லைன் ஆக்குங்கள். இனிஷியலைஸ் செய்யவா என்று கேட்டால் மட்டும் "சரி" கொடுக்காதீர்கள். அங்கேயே நிறுத்திவிட்டு, சரியான டிஸ்க்தானா என்று பாருங்கள்.

ப்ராக்ஸ்மாக்ஸ்ல டிஸ்க்கை விர்ட்ஐஓவுக்கு மாத்தினேன், நீலத் திரை வந்து பூட் டிவைஸ் இல்லைங்குது. என்ன பண்றது?

முதலில் பழைய இணைப்புக்கே திருப்புங்கள். சாட்டா, ரொம்பப் பழைய விண்டோஸ் என்றால் ஐடிஈ. பூட் ஆகிவிடும். டேட்டாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. விர்ட்ஐஓ என்பது விஎம்களுக்கென்றே செய்த வேகமான கற்பனைச் சாமான் வகை. பூட் ஆகும் முதல் சில நொடிகளிலேயே டிஸ்க்கைப் படிக்கும் டிரைவர் விண்டோஸுக்குத் தேவை. உங்கள் விண்டோஸ் அந்த டிரைவரை இதுவரை பயன்படுத்தியதே இல்லை, அவ்வளவுதான். ஐஎஸ்ஓவிலிருந்து டிரைவரை இன்ஸ்டால் செய்தால் மட்டும் பல நேரம் போதாது. அது பூட் நேரத்தில் ஏற வேண்டிய டிரைவர் என்று விண்டோஸ் பதிவுசெய்ய, அந்தக் கன்ட்ரோலரை ஒரு தடவையாவது நேரில் பார்த்திருக்க வேண்டும்.

அதற்கு ஒரு சுலப வழி இருக்கிறது. பூட் டிஸ்க் சாட்டாவிலேயே இருக்கட்டும். விர்ட்ஐஓ ஸ்கசி கன்ட்ரோலரில் 1 ஜிபிக்கு ஒரு வெற்று டிஸ்க்கைச் சேருங்கள். விர்ட்ஐஓ டிரைவர் ஐஎஸ்ஓவை மாட்டி, பூட் செய்து, டிரைவரை இன்ஸ்டால் செய்யுங்கள். டிஸ்க் மேனேஜ்மென்டில் அந்த 1 ஜிபி தெரிந்தால் வேலை முடிந்த மாதிரி. ஷட்டவுன் செய்து, வெற்று டிஸ்க்கை நீக்கி, பூட் டிஸ்க்கைக் கழற்றி ஸ்கசியாகத் திரும்ப மாட்டுங்கள்.

இந்த இடத்தில் பத்துப் பேரில் பாதிப் பேர் மறந்துவிடுவது பூட் வரிசை. டிஸ்க்கைக் கழற்றி மாட்டினால் அது வரிசையிலிருந்து விழுந்துவிடும். ஆப்ஷன்ஸ் பக்கத்தில் போய் டிக் செய்தால்தான் பூட் ஆகும். "டிரைவர் போட்டும் வரலைண்ணா" என்று வரும் ஃபோன்களில் பாதி இதுதான்.

லினக்ஸ்ல இந்தத் தொல்லையெல்லாம் இல்லைதானே?

குறைவு, ஆனால் இல்லை என்று சொல்ல முடியாது. உபுண்டு, டெபியன் பெரும்பாலும் எந்தக் கன்ட்ரோலரிலும் எழுந்துவிடும். ரெட்ஹேட் குடும்பத்தில், ஓடிக்கொண்டிருக்கும் மெஷினுக்கு வேண்டிய டிரைவர்களை மட்டும் வைத்துத்தான் துவக்க ராம்டிஸ்க் கட்டப்பட்டிருக்கும். விஎம்வேரில் கட்டியதில் விர்ட்ஐஓ இருக்காது. மாற்றுவதற்கு முன்பே டிராகட் கட்டளையால் எல்லா டிரைவர்களையும் சேர்த்து மறுபடி கட்டிவிடுங்கள். மறந்துவிட்டாலும் மீட்பு கர்னலில் பூட் செய்து கட்டிக்கொள்ளலாம்.

அடுத்து கார்டின் பெயர். விஎம்வேரில் ஈஎன்எஸ்192 என்று இருந்தது ப்ராக்ஸ்மாக்ஸில் ஈஎன்எஸ்18 ஆகும். நெட்வொர்க் கோப்பில் பழைய பெயர் இருந்தால் ஐபி வராது. அதேபோல டிஸ்க்குகளை ஏற்றும் பட்டியலான எஃப்எஸ்டேபில் அவற்றை எஸ்டிஏ, எஸ்டிபி என்று பெயரால் எழுதியிருந்தால் முன்கூட்டியே யூயூஐடிக்கு (மாறாத அடையாள எண்ணுக்கு) மாற்றிவிடுங்கள்.

மூன்றாவது சிபியு வகை. ரெட்ஹேட் 9-க்கு எக்ஸ்86-64-வி2 என்ற சிபியு வசதி நிலை வேண்டும், 10-க்கு வி3. ப்ராக்ஸ்மாக்ஸில் பழைய கேவிஎம்64 வகையைத் தேர்ந்தெடுத்தால் ரெட்ஹேட் 9 ஜிலிப்ஸி பிழை காட்டி கர்னல் பேனிக்கில் நின்றுவிடும். எல்லா ஹோஸ்டும் ஒரே சிபியு என்றால் "ஹோஸ்ட்" வகை வைக்கலாம். கலந்து இருந்தால் எல்லாவற்றிலும் உள்ள குறைந்த நிலையை வையுங்கள்.

ஐ440எஃப்எக்ஸ்ல வந்து இறங்கியிருக்கு. கியூ35 ஆக்கணுமா?

முன்னது இன்டெலின் 1996 காலத்து சிப்செட், பின்னது 2007-ஐச் சேர்ந்தது. பின்னதில்தான் பிசிஐ எக்ஸ்பிரஸ் இருக்கிறது. விஎம்முக்குள் ஜிபியு கொடுக்கப்போகிறீர்கள் என்றால் கியூ35 நல்லது. இல்லையென்றால் ஓடுகிற விஎம்மில் மதர்போர்டை மாற்றி நீங்கள் பெறப்போவது பெரிதாக ஒன்றுமில்லை. மேலே சொன்ன ஐபி தொல்லை மறுபடி வரும், லினக்ஸில் ஈஎன்எஸ்18 திரும்பவும் பெயர் மாறும். புதிதாக உருவாக்கும் விஎம்களை மட்டும் கியூ35-இல் உருவாக்குங்கள்.

விண்டோஸ் விஎம்களின் மெஷின் பதிப்பை ப்ராக்ஸ்மாக்ஸே உருவாக்கிய நாளின் பதிப்பில் நிறுத்திவைக்கும். அது தேங்கிக் கிடக்கிறது என்று நினைத்து "லேட்டஸ்ட்" ஆக்காதீர்கள். விண்டோஸ் குழம்பக்கூடாது என்றுதான் அப்படி வைத்திருக்கிறார்கள்.

பயாஸ்ல இருந்ததை இதோட யூஇஎஃப்ஐ ஆக்கிடட்டுமா?

அமைப்பில் மாற்றினால் மட்டும் போதாது, டிஸ்க் பார்ட்டிஷன் முறையே மாற வேண்டும். டிபிஎம், செக்யூர் பூட் தேவை இல்லாதவரை வந்தபடியே விடுங்கள்.

விஎம்வேர் டூல்ஸை அங்கேயே எடுக்க மறந்துட்டோம். இப்போ அன்இன்ஸ்டால் ஆக மாட்டேங்குது.

விண்டோஸில் அதன் அன்இன்ஸ்டாலர், தான் விஎம்வேரில் இல்லை என்று கண்டுபிடித்து மறுத்துவிடும். பழைய ஹோஸ்ட் இன்னும் அணைக்கப்படவில்லை, மாறி ஒன்றிரண்டு நாள்தான் ஆகிறது என்றால், அங்கே நீக்கிவிட்டு மறுபடி கொண்டுவருவதுதான் சுத்தமான வழி. முடியாதென்றால் அதன் சர்வீஸ்களை நிறுத்தி முடக்கிவையுங்கள். லினக்ஸில் இந்தப் பிரச்சினை இல்லை, பேக்கேஜை எப்போது வேண்டுமானாலும் நீக்கலாம்.

ஏத்தினது ஒத்துவரலை. கீழே இறக்க முடியுமா?

விஎம்வேரில் இறக்கும் பொத்தான் கிடையாது. ஏற்றுவதற்கு முன் எடுத்த ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பினால் பழைய பதிப்பும் திரும்பும். ஆனால் அதன் பிறகு பயனாளிகள் பதிந்த பில், என்ட்ரி எல்லாம் போய்விடும். அதனால் அன்று ராத்திரியே என்றால் ஸ்னாப்ஷாட். இரண்டு நாள் கழித்தென்றால் பழைய பதிப்பில் ஒரு புது விஎம் உருவாக்கி, இருக்கும் டிஸ்க்கை அதில் மாட்டுங்கள். டேட்டா அப்படியே இருக்கும், ஐபி மட்டும் மறுபடி போட வேண்டிவரலாம். டிஸ்க்கை மாட்டுவதற்கு முன் ஸ்னாப்ஷாட் எதுவும் மிச்சம் இல்லாமல் ஒன்றாக்கிவிடுங்கள், அழிக்கச் சொன்னதற்கு இது இன்னொரு காரணம்.

மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வியிலும் கான்ஃபிகரேஷன் பதிப்பை ஏற்றினால் இறக்க முடியாது. ப்ராக்ஸ்மாக்ஸில் அமைப்பைப் பழையபடி மாற்றிவிடலாம். ஆனால் விண்டோஸுக்கு அது இன்னொரு ஹார்டுவேர் மாற்றம் என்பதை நினைவில் வையுங்கள்.

சார், எங்க டிஆர் சென்னையில இருக்கு. அங்க ஹோஸ்ட் இன்னும் 7.0தான். இங்க 21 வரைக்கும் ஏத்திடலாமா?

ஏற்றினால் சென்னை டிஆரில் (பேரிடர் கால மாற்று இடத்தில்) அந்த விஎம் எழாது. 7.0 ஹோஸ்டுக்கு 21 என்ன என்றே தெரியாது. டேட்டாவை அங்கே நகலெடுக்கும் உங்கள் ரெப்ளிகேஷன் பச்சையாகக் காட்டிக்கொண்டே இருக்கும். டேட்டா போய்ச் சேர்ந்துகொண்டே இருக்கும். தேவைப்படும் நாளில்தான் தெரியவரும். பேக்கப்பை அந்த ஹோஸ்டில் ரெஸ்டோர் செய்வதற்கும் இதே கதைதான்.

ஏற்றும்போது எந்தப் பதிப்பு வரை என்று கேட்கும். எப்போதும் கடைசி எண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. அந்த விஎம் என்றைக்காவது ஓட வேண்டிய ஹோஸ்டுகளிலேயே பழையது எது என்று பார்த்து, அதற்கு ஏற்ற எண்ணில் நிறுத்துங்கள். உங்கள் விஷயத்தில் 17. சென்னை ஹோஸ்ட் இரண்டாம் அப்டேட்டைத் தாண்டியிருந்தால் 19.

"அடுத்த ரீபூட்டில் ஏற்று"ன்னு ஒரு வசதி இருக்கே, அதை எல்லாத்துக்கும் போட்டு விட்டா வேலை மிச்சம்தானே?

நான் போட மாட்டேன். இன்று போட்டுவிட்டு மறந்துவிடுவீர்கள். மூன்று மாதம் கழித்து வேறு யாரோ, வேறு ஏதோ காரணத்துக்காக, வேலை நேரத்தில் ரீபூட் செய்வார். ஐபி இல்லாமல் எழுந்த சர்வரைப் பார்த்து விண்டோஸ் அப்டேட்டைச் சந்தேகிப்பார். அன்றிரவே நீங்களே ரீபூட் செய்யப்போகிற விஎம்களுக்கு மட்டும் போட்டால் தப்பில்லை.

லைசென்ஸ் சாஃப்ட்வேர் மாக் அட்ரஸ் பார்க்குதாம். யூஎஸ்பி டாங்கிளும் இருக்கு.

கார்டு மாடலை மாற்றினாலும் மாக் அட்ரஸை (கார்டின் அடையாள முகவரியை) பழையதையே கையால் எழுதிவிடலாம். விஎம்வேரின் 00:50:56 என்று தொடங்கும் முகவரி ப்ராக்ஸ்மாக்ஸிலும் ஓடும். டிஎச்சிபியில் முகவரி ஒதுக்கியிருந்தாலும் இதைச் செய்தால் போதும். சில மென்பொருள்கள் மதர்போர்டின் யூயூஐடியையும் பார்க்கும், அதையும் குறித்துவைத்து அப்படியே கொடுங்கள். டாங்கிளை (யூஎஸ்பியில் செருகும் லைசென்ஸ் சாவியை) பொறுத்தவரை அது எந்த ஹோஸ்டில் செருகியிருக்கிறதோ அங்கேதான் விஎம் ஓட முடியும். விஎம்மை நகர்த்துவதற்கு முன் டாங்கிள் எங்கே இருக்கிறது என்று நேரில் போய்ப் பாருங்கள்.

2008 ஆர்2 ஒண்ணு இருக்குண்ணா. அந்த சாஃப்ட்வேர் எழுதின கம்பெனியே இப்போ இல்லை. இதை என்ன பண்றது?

தொடாதீர்கள். விர்ட்ஐஓவின் புதிய டிரைவர்கள் விண்டோஸ் சர்வர் 2008 ஆர்2-வுக்கு வருவதில்லை, பழைய ஐஎஸ்ஓவைத் தேடி எடுக்க வேண்டும். அதற்குப் பிறகும் உங்களுக்குக் கிடைக்கப்போவது கொஞ்சம் வேகம்தான். ஈ1000 கார்டு, ஐடிஈ டிஸ்க் என்று இருந்தால் அப்படியே ஓடட்டும். அதற்குப் பதில் அந்த நேரத்தைத் தனி விலானில் (பிரித்த நெட்வொர்க்கில்) அதை ஒதுக்குவதிலும், இணையத்தை அடைப்பதிலும், தினமும் பேக்கப் ஓடுகிறதா என்று பார்ப்பதிலும் செலவிடுங்கள்.

அப்புறம் அந்த விஎம்மின் நோட்ஸ் பகுதியில் தேதி போட்டு, ஏன் ஏற்றவில்லை என்று இரண்டு வரி எழுதுங்கள். அடுத்து அந்த இருக்கையில் உட்காரும் பையனுக்கு உங்கள் நம்பர் தெரிந்திருக்காது.